நீலத் துணியில் நான்கு எழுத்துகள்

டிரேசிங் துணியைக் கையில் எடுத்தவர்களுக்குத்தான் அந்த நீலம் தெரியும். வெள்ளை வேட்டிக்குச் சொட்டுநீலம் கொஞ்சம் கூடிப்போனால் வருமே, அந்த நிறம். மெல்லிய பருத்தித் துணியில் கஞ்சி ஏற்றி, கண்ணாடிபோல மினுக்கியிருப்பார்கள். கீழே பென்சில் படத்தை வைத்து, மேலே இதை விரித்து, சுண்ணப்பொடி தேய்த்து, இந்தியன் மையால் கோடு இழுத்தால் காலத்துக்கும் நிற்கும் என்று பாலிடெக்னிக்கில் சொல்லித்தந்தார்கள். அதற்கு ஒரே எதிரி தண்ணீர். ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் அந்த இடம் வெளுத்துச் சுருங்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு பட்டியல் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டேன். இடது கைக்கு அடியில் கைக்குட்டை. தலைக்கு எண்ணெய் குறைவாக. தண்ணீர்ச் செம்பு மேசையில் கூடாது. ஆடி மாதத்தில் ஜன்னலின் மேல் கதவு மட்டும்.

நான்கு வருஷத்துக்கு முன், எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. குளங்களையும் மடைகளையும் கவனிக்கிற ஓர் அரசு அலுவலகத்தில், சங்கரன்கோவிலில், டிரேசராக இருந்தேன். தங்கியிருந்தது அக்கா வீட்டில். அத்தான் புளியங்குடியில் வாத்தியார். காலை பஸ்ஸில் போய், சாயங்காலம் பையில் நாலு எலுமிச்சம்பழத்தோடு திரும்புவார். அக்காவுக்கு எட்டாம் மாதம். அது மூன்றாவது. முதல் இரண்டும் மாதம் நிறைந்தே பிறந்தன. இரண்டும் மூச்சு விடவில்லை.

முதல் பிள்ளைக்கு அக்கா சட்டை சட்டையாகத் தைத்து வைத்திருந்தாள். இரண்டாவதுக்கு இரண்டே இரண்டு. அவற்றை யார் யாருக்கோ கொடுத்தது நான்தான். இந்த முறை வீட்டில் ஊசிநூலே வெளியே வரவில்லை. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழந்துணியில்தான் சுற்ற வேண்டும் என்பது எல்லார் வீட்டு வழக்கமும்தான். ஆனால் அக்கா பழந்துணி ஒன்றைக்கூட எடுத்துவைக்கவிடவில்லை. "வரும்போது பாத்துக்கிடலாம்" என்பாள். அவள் அனுமதித்தது ஒன்றே ஒன்று. ஒரு கிராஃப் தாளில், பிள்ளை அசைகிற ஒவ்வொரு தடவைக்கும் நான் ஒரு புள்ளி வைப்பேன். கட்டம் ஒன்றுக்கு ஒரு மணி நேரம். அடுப்படியிலிருந்து "இப்ப ஒண்ணு" என்று குரல் வரும். நான் வீட்டில் இல்லாத நேரத்துக்கு அவளே கரிக்கட்டியால் சுவரில் கோடு போட்டுவைப்பாள். வந்ததும் நான் தாளில் ஏற்றுவேன்.

அலுவலகத்தில் எங்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கெட்டுப்போன, கழித்துவிட்ட டிரேசிங் துணிகளை யாரும் எறிய மாட்டோம். வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் கஞ்சியும் மையும் சேர்ந்து கரைந்துபோகும். பிறகு கையில் இருப்பது மல் வேட்டியைவிட மெல்லிய துணி. பெரியவர்களுக்குக் கைக்குட்டை, பிள்ளைகளுக்கு உள்சட்டை. யாருக்கு எப்போது என்ற வரிசையை பீரோக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருந்தவள் நான்தான். ஆடி மாதம் என் முறை வந்தது. ஒரு கண்மாய்க்கரை, இரண்டு மடை என்று மூன்று பழைய படங்கள் கிடைத்தன. அக்காவிடம் கைக்குட்டைக்கு என்று சொல்லி வைத்தேன்.

அதே மாதத்தில்தான் அந்த நான்கு எழுத்துகளும் என்னிடம் வந்தன.

எங்கள் சபையில் ஆராதனை மேடைக்கு மேலே ஒரு தேக்குப் பலகை வைப்பதாகத் தீர்மானித்திருந்தார்கள். அதில் எபிரெய மொழியில் கடவுளின் பெயர். பெண்கள் சங்கத்தில் பேச்சு வந்தபோது, "என் தங்கச்சி படம் வரைவா" என்று அக்கா சொல்லிவிட்டாள். குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் தம் கல்லூரி நோட்டிலிருந்து இரண்டு பக்கங்களைக் கிழிக்காமல், நோட்டையே என்னிடம் கொடுத்தார்.

"இதுல என்னட்ட ஒண்ணும் கேக்காத. நான் படிச்சதெல்லாம் பரீட்சையோட போயிட்டு. எழுத்தத் தப்பாப் போட்டாலும் இந்த ஊர்ல கண்டுபிடிக்க ஆளு கிடையாது."

"அப்ப பயமில்ல, ஐயா."

"ஒருத்தரு பாப்பாருல்லா" என்று மேலே கையைக் காட்டிச் சிரித்தார்.

நோட்டில் இருந்ததை எனக்குத் தெரிந்த விதத்தில் பட்டியல் போட்டுக்கொண்டேன். ஏல் என்றால் வல்லவர். எங்கள் சபையில் பாதி ஆண்பிள்ளைகள் இந்த ஏலைப் பெயரின் வாலில் வைத்துக்கொண்டு, அது என்னவென்று தெரியாமலே நடமாடுகிறார்கள். ஏலோகிம் என்பது பன்மை, ஆனால் ஒருவரைத்தான் குறிக்கும். நாம் ஒருவரை 'அவர்கள்' என்பதுபோல என்று நானே ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அதோனாய், ஆண்டவர். ஷடாய், எல்லாம் வல்லவர் என்று நம் மொழிபெயர்ப்பு. மலை என்பவர்களும் உண்டு, தாய்ப்பால் சுரக்கும் மார்பு என்பவர்களும் உண்டு என்று ஐயரின் இளவயதுக் கையெழுத்து சொன்னது. கடைசியில் அந்த நான்கெழுத்து. யோத், ஹே, வாவ், ஹே. வலமிருந்து இடம். இருத்தல் என்ற வினையிலிருந்து வந்தது, இருக்கிறவர்.

அதில் உயிரெழுத்தே கிடையாது. பழைய நாளில் மெய்யை மட்டும் எழுதினார்கள்; எப்படி உச்சரிப்பது என்பது வாயோடு வாயாக இருந்தது. அந்தப் பெயரை உரக்கச் சொல்வதே பாவம் என்று ஆனபிறகு, படிக்கிறபோது அந்த இடத்தில் அதோனாய் என்றே சொன்னார்கள். மறந்தும் சொல்லிவிடக் கூடாதென்று அதோனாயின் உயிர்க்குறிகளையே இந்த நான்கு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளாக இட்டார்கள். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்ததில் நாம் சொல்கிற யேகோவா உண்டானது. ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தின் டிரேசிங்கை வைத்து அச்செடுத்ததுபோல. உண்மையான உச்சரிப்பு யாருக்கும் நிச்சயமில்லை. சொல்லாமல் சொல்லாமல் தொலைந்துபோன பெயர்.

பக்கத்து வீட்டு மதினியிடம் இதைச் சொன்னேன். அவள் வீட்டில் தறி ஓடும். அவள் வாயில் அவள் புருஷன் பெயர் வந்ததே இல்லை, 'அவுக'தான்.

"இதுல என்ன அதிசயத்தக் கண்ட? ரேசன் கார்டுக்கு எழுத வந்தவன் பேரக் கேட்டான். நான் கோயில் கோபுரத்தக் காட்டுதேன், அந்த மூதிக்கு விளங்கல. நாராயணனான்னு கேக்கான். ஊர்ப்பேருல உள்ள பாதிய விட்டுட்டியேன்னேன். பெறவுதான் எழுதினான்."

"உங்களுக்கு மறந்துபோகாதா மதினி?"

"சொன்னாத்தானட்டி மறக்கும்? சொல்லாம வச்சிருக்கது எங்க போவும்?"

எழுத்துகளைப் பென்சிலால் ஒன்பது அங்குல உயரத்துக்குப் பெரிதாக்கினேன். அதற்கு மூன்று நாள் சாயங்காலங்கள் ஆயின. அந்த நாட்களை நினைத்தால் ஒரு நீல மங்கல்தான் முதலில் வருகிறது. மேற்கிலிருந்து காற்று ஓயாமல் அடித்தது. தறிச் சத்தமும் கோயில் மணியும் சில நேரம் பக்கத்திலும் சில நேரம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வருவதுபோல எட்டத்திலும் கேட்டன. எனக்கு அந்த எழுத்துகள் கட்டடங்களாகத்தான் தெரிந்தன. வாவ், ஒற்றைத் தூண். ஹே, மேலே ஓர் உத்தரம், வலது தூண் அதோடு ஒட்டியிருக்கிறது. இடது தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. எங்கள் இன்ஜினியரிடம் காட்டினால் கையெழுத்துப் போட மாட்டார். யோத், எதன் மேலும் நிற்காமல் உயரத்தில் தொங்கும் ஒரு துளி. கண்ணை மூடினால் ஒரு காலி மண்டபத்துக்குள் நடக்கிறமாதிரி இருக்கும், காற்று அந்த இடைவெளி வழியாக வந்துபோகும். வாயை மூடித் திறக்கிற ஓசை அந்தப் பெயரில் ஒன்றுகூட இல்லை என்று கவனித்தேன். எல்லாம் மூச்சு.

வெள்ளிக்கிழமை மை போட்டு முடித்தேன். ஈரக் கோட்டில் கை படாமலிருக்க இடமிருந்து வலமாகவே, அதாவது பெயரின் வாலிலிருந்து தலைக்கு, வரைந்தேன். அன்று சாப்பிடும்போது நோட்டில் படித்த இன்னொன்றையும் சொன்னேன். அந்தப் பெயரை எழுதிவிட்டால் யூதர்கள் அழிக்கவே மாட்டார்களாம். தாள் கிழிந்து பழசானால்கூட எரிக்காமல், எறியாமல், ஆளைப் புதைப்பதுபோல மண்ணில் புதைப்பார்களாம்.

"அழிச்சா?" என்றாள் அக்கா.

"அழிக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு."

அத்தான், "பள்ளிக்கூடத்துல கரும்பலகையில எழுதினா என்ன செய்வாக? வருசம் பூரா அதே பாடந்தானா?" என்றார். அக்கா சிரிக்கவில்லை.

திங்கள்கிழமை காலை ஆசாரி வந்து துணியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. துணியில் கோட்டோடு கோடாக ஊசியால் குத்தி, பலகைமேல் விரித்துக் கரித்தூள் தட்டினால் எழுத்து மரத்தில் இறங்கிவிடும். அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று சுருட்டிவைத்தேன். புதுப் படத்தைப் பழைய படங்களுக்கு உள்ளே வைத்துச் சுருட்டுவது டிரேசர்களின் கைப்பழக்கம். அழுக்குப் பட்டால் வெளியே இருக்கிற பழையதில் படட்டும் என்று. வீட்டிலிருந்த பழையவை அந்த மூன்றுதான். யோசிக்கவே இல்லை. கை தானாகச் சுருட்டியது.

சனிக்கிழமை ஐந்தரைக்கு வீடு திரும்பியபோது கொடியில் நான்கு துணிகள் பறந்துகொண்டிருந்தன. வாசலிலேயே நின்றுவிட்டேன். நீலம் போய், வெயில் உள்ளே புகுந்து வெளியே வருகிற வெள்ளை. எண்ணிப் பார்த்தேன். மூன்று இருக்க வேண்டும். நான்கு இருந்தன.

அக்கா அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் வயிற்றின் மேல்.

"மூணுன்னுதானட்டி சொன்ன" என்றாள். "வெந்நியில போட்டுட்டேன். கசக்கும்போதுதான் பாத்தேன். கறுப்பா, அந்தத் தூணு மாதிரி ஒண்ணு, கையில கரையுது. வெளிய எடுக்கதுக்குள்ள போயிட்டு."

"அதனால ஒண்ணுமில்லக்கா. பென்சில் படம் இருக்கு. ஒரு மணி நேர வேலை."

"படத்துக்காச் சொல்லுதேன்?"

பையை வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"கைக்குட்டைக்காம். இம்புட்டுத் துணியில எத்தன மூக்கச் சிந்துவ? எனக்குத் தெரியாதா எதுக்குன்னு?" அவள் குரல் மேலே ஏறவே இல்லை. "சரி, இந்தத் தடவ நாமளே துவைச்சு வைப்போம்னு நெனச்சேன். இன்னைக்குத்தான் நெனச்சேன். மத்தியானத்துக்குப் பெறவு அசையல."

சுவரைப் பார்த்தேன். காலையில் ஆறு கரிக்கோடுகள். அதன்பின் ஒன்றுமில்லை. முந்தைய இரண்டு பிள்ளைகளும் இப்படித்தான், முதலில் அசைவை நிறுத்தின. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அத்தான் வந்ததும் பையை வைக்காமலே போய் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தார். அவர் மரக்குழலை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். துடிப்பு நன்றாக இருக்கிறது, பிள்ளை உறங்குகிறது, நாளைச் சாயங்காலத்துக்குள் அசையாவிட்டால் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். அவர் போனபின் அக்கா சொன்னாள், "போன தடவையும் துடிப்பு இருக்குன்னுதான் சொன்னாக."

எனக்குத் தெரிந்தது பட்டியல்தான். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். அழித்தது நீ இல்லை, சுருட்டிய நான். தெரியாமல் நடந்தது. அந்தக் கட்டளை அவர்களுக்கு, நமக்கில்லை. பிறகு கேட்டேன், "தண்ணிய எங்கன ஊத்துன?"

"முருங்கை மூட்டுல. கஞ்சித் தண்ணியாச்சேன்னு."

"பாத்தியா? மண்ணுக்குள்ளதான போயிருக்கு. புதைச்ச மாதிரிதான்."

அக்கா என்னையே பார்த்தாள். "நீ நல்லா நம்பர் போட்டுப் பேசுத, மக்கா" என்றாள். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக் கோயிலுக்கு வரவில்லை. ஐயரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. "அது உங்க அக்காவுக்குக் கஷ்டமா இருக்கும்" என்று மட்டும் சொல்லி, சாயங்காலம் வருவதாகச் சொன்னார்.

மத்தியானம் மறுபடி வரைய உட்கார்ந்தேன். அலுவலகத்தில் கேட்டு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஒரு துண்டுத் துணி இருந்தது. காற்றில் அது படகுப் பாய்போலத் தூக்கியது. நான்கு ஊசி குத்தியும் நிற்கவில்லை. அக்கா எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. வரைபலகையின் ஒரு ஓரம் முக்காலியில், மறு ஓரம் அவள் மடியில். இரண்டு கையாலும் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கன இருந்து தொடங்கணும்?"

"வலது பக்கத்துல இருந்து."

"அப்ப அங்கன இருந்தே போடு. அன்னைக்கு மாத்தியில்லா போட்ட."

அவள் கவனித்திருக்கிறாள். வலமிருந்து தொடங்கினேன். ஒவ்வோர் எழுத்தும் காயும்வரை கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தோம். யோத். காற்று ஊதியது. ஹே. அக்கா அந்த இடைவெளியைப் பார்த்து, "இது என்ன, கதவா?" என்றாள். தெரியவில்லை என்றேன். வாவ். தறிகள் ஞாயிறு ஓய்வில் இருந்தன. தெருவே தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல இருந்தது. கடைசி ஹேயின் உத்தரத்தையும் வலது தூணையும் முடித்து, இடது தூணின் வெளிக்கோட்டை மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா திடுக்கிட்டாள். பலகை ஒருமுறை தூக்கிப் போட்டது. என் பேனா வெளியே வளைந்து, ஒரு வீக்கம் வீங்கி, மறுபடி கோட்டுக்கு வந்தது.

"ஏட்டி" என்றாள். பலகையின் ஓரத்தை இன்னொரு உதை உதைத்தது அது. மைப்புட்டி குலுங்கியதை நானே பார்த்தேன். "ஏட்டி, ஏட்டி." அவள் கைகள் துணியை விடவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தாடையில் நின்றது. நான் கைக்குட்டையை நீட்டி அதைப் பிடித்தேன். அக்காவுக்காகத்தான் நீட்டினேன் என்று சொல்ல ஆசை. துணியில் விழுந்துவிடுமே என்றும்தான்.

பிறகு, பழக்கம். மை தப்பினால் காய்ந்ததும் பாதி பிளேடால் மேலாகச் சுரண்டி, நகத்தால் மினுக்கி, மறுபடி கோடு போடுவோம். என் கை பிளேடை எடுத்துவிட்டது. அக்கா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அழிக்காத."

"கோணலா இருக்குக்கா."

"இருக்கட்டும்."

அப்படியே உள்ளே மை நிரப்பினேன். சாயங்காலம் ஐயர் வந்தபோது அக்கா அவருக்கு எலுமிச்சம்பழச் சாறு போட்டுக்கொடுத்தாள். சுவரில் புதிதாக ஒன்பது கரிக்கோடுகள் இருந்தன. அவர் வந்த காரியத்தை மறந்து, சுவர் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

திங்கள் காலை ஆசாரி துணியை விரித்துப் பார்த்தார். விரல் நேராக அந்த இடத்துக்குத்தான் போனது. "தாயி, இந்த வளைவு உள்ளதா, கை தப்பினதா? எனக்கு இந்தப் பாசை தெரியாது. கோடு எப்படியோ உளி அப்படி."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது. "உள்ளதுதான் அண்ணாச்சி. அப்பிடியே போடுங்க."

பலகை மேலேறிய அன்று ஐயர் நோட்டையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "கடைசி எழுத்துக்கு முழங்கால் இருக்கோ?" என்றார். இருக்கிறது ஐயா என்றேன்.

அதற்குள் பிள்ளை பிறந்திருந்தது. நர்ஸம்மா உள்ளேயிருந்து துணி கேட்டபோது நான்கையும் மடித்தபடியே கொடுத்தேன். முன்னதாக அவற்றை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தேன், எது கண்மாய், எது மடை, எது அந்தப் பெயர் என்று. எதிலும் ஒரு நிழல்கூட இல்லை. நான்கும் ஒன்றுபோல இருந்தன. கதவுக்கு வெளியே அத்தானும் நானும் நின்றோம். அழுகைக்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கிற ஓசை வந்தது. அதை நான் கேட்டேன். அத்தான் கேட்கவில்லை என்கிறார்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் அக்காவுக்கும் நடுவே உட்காருவாள். பிரசங்கம் நீளும்போது என் கண் பலகைக்குப் போகும், கடைசி எழுத்தின் இடது காலுக்கு. நான்கு வருஷத்துக்குப் பின்னும் என் வலது கை மடியில் பிளேடைத் தேடுகிறது. அவள் பெஞ்சில் கால் எட்டாமல் உட்கார்ந்து, முன் பெஞ்சின் முதுகை உதைத்துக்கொண்டிருப்பாள். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள்.